தமிழ்ச் சொல் போட்டதும் திரை 4 பிக்சல் ஆடுகிறது: குறுக மறுக்கும் பெட்டிகளில் எது விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஓரக்கோடு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். சான்றிதழ் விண்ணப்பங்களைக் கையாளும் ஒரு கைப்பேசித் தளத்துக்குத் திரைகள் வரைந்து கொடுத்திருந்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரிசை. அதில் இடமிருந்து வலமாக ஆவணத்தின் பெயர், அதன் நிலை, ஒரு பொத்தான் என மூன்று பெட்டிகள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒழுங்காகவே அமர்ந்திருந்தன. தமிழில் ‘பிறப்புச்சான்றிதழ் நகல்’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘உறுதிப்படுத்துக’ என்று மாற்றியவுடன், 360 பிக்சல் அகலமுள்ள திரையில் பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக நகரத் தொடங்கிவிட்டது. அளந்து பார்த்தால் வெறும் 4 பிக்சல்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

நிரலாளர், பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கி இடத்துக்கேற்ப நீளவும் குறுகவும் விடும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற இணைய அமைப்பு முறையைப் பயன்படுத்தியிருக்கிறார். மூன்று பெட்டிகளும் குறுகலாம் என்ற இயல்புநிலையிலேயே உள்ளன. குறுகலாம் என்று அனுமதித்த பிறகும் அவை ஏன் குறுகவில்லை? நான் வரைந்த படத்தில் இந்தச் சிக்கல் கண்ணில் படவே இல்லை.

அளவுகளைத் தருகிறேன். திரையின் இருபுறமும் 16 பிக்சல் ஓரம். பெட்டிகளுக்கு இடையே 8 பிக்சல் இடைவெளி. ஒரே வரியில் எழுதினால் பெயருக்கு 160, நிலைக்கு 100, பொத்தானுக்கு 130 பிக்சல் வேண்டும். சொற்களைக் கீழே மடித்து, மிக நீண்ட சொல்லை மட்டும் அளந்தால் பெயருக்கு 118, நிலைக்கு 84. பொத்தானில் ஒரே சொல் என்பதால் அதற்கு அப்போதும் 130தான்.

வரிமுறிவு எழுதியது:

அளவுகளைக் கொடுத்ததற்கு நன்றி. பெரும்பாலானோர் திரையின் படத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உலாவி செய்யும் கணக்கை அப்படியே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

360இல் ஓரங்களைக் கழித்தால் 328. இடைவெளிகள் இரண்டையும் கழித்தால் 312. உங்கள் பெட்டிகள் கேட்பது 160 + 100 + 130, அதாவது 390. பற்றாக்குறை 78. இந்த 78ஐ மூன்று பெட்டிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை என்பதை முதலில் கவனியுங்கள். ஃபிளெக்ஸ்-ஷ்ரிங்க், அதாவது குறுகும் எண், எல்லாவற்றுக்கும் 1 என்றிருந்தாலும், அந்த 1ஐ ஒவ்வொரு பெட்டியின் தொடக்க அகலத்தோடு பெருக்கிய பிறகே பங்கு பிரிக்கப்படுகிறது. பெரிய பெட்டி அதிகம் இழக்கும், சிறிய பெட்டி குறைவாக இழக்கும். சமமாகக் கழித்தால் சிறிய பெட்டி காணாமலே போய்விடும் என்பதுதான் காரணம். 78ஐ 390ஆல் வகுத்தால் 0.2, ஆகவே ஒவ்வொன்றும் தன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து 128, 80, 104 என்று ஆகின்றன. (உள்விளிம்பு, அதாவது பெட்டியின் விளிம்புக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடம், இருந்தால் அதை நீக்கிய அகலத்தைக் கொண்டே எடை போடப்படும். இங்கே எளிமைக்காக அதை விட்டுவிடுகிறேன், முடிவு மாறாது.)

இனிதான் மோதல். ஃபிளெக்ஸ்பாக்ஸின் உட்பெட்டிகளுக்குக் குறைந்தபட்ச அகலம், அதாவது மின்-விட்த், இயல்பாக 0 அன்று, ‘ஆட்டோ’. அகலம் தனியாக எழுதப்படாத ஒரு பெட்டிக்கு அதன் பொருள், உடைக்க முடியாத மிக நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே போகாதே என்பதாகும். பொத்தான் 104க்குப் போக முடியாது. 130 வேண்டும், 26 கூடுதல். நிலை 80க்குப் போக முடியாது. 84 வேண்டும், 4 கூடுதல். மீறல்களின் கூட்டுத்தொகை நேர்மமாக, 30 ஆக இருப்பதால், கீழ்வரம்பை மீறிய பெட்டிகள் இரண்டையும் அந்தந்த வரம்பிலேயே உலாவி உறைய வைத்துவிடுகிறது. பிறகு மிச்சமிருக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாம் சுற்றில் பெயருக்கு மிஞ்சுவது 312 − 130 − 84 = 98. அதற்கோ 118 வேண்டும். அதுவும் உறைந்துவிடுகிறது. முதல் சுற்றில் 128 கிடைத்து நிம்மதியாக இருந்த பெட்டிதான், அடுத்தவர்களின் பிடிவாதத்தால் இரண்டாம் சுற்றில் சிக்கிக்கொண்டது. இப்போது கூட்டிப் பாருங்கள்: 118 + 84 + 130 = 332. இடைவெளிகளோடு 348. இடப்புற ஓரத்தின் 16ஐச் சேர்த்தால் 364. உங்கள் 4 பிக்சல் வந்துவிட்டது.

உலாவி தன் விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது.

சிறுபொத்தான் எழுதியது:

இதற்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. மூன்று பெட்டிகளுக்கும் மின்-விட்த் 0 என்று எழுதிவிடுங்கள். நான் எல்லாத் திட்டங்களிலும் அதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறேன்.

வரிமுறிவு எழுதியது:

அப்படிச் செய்தால் பெட்டிகள் 128, 80, 104 என்று குறுகிவிடும். ஆனால் ‘உறுதிப்படுத்துக’ என்ற சொல் குறுகியிருக்காது. 104 பிக்சல் பொத்தானுக்குள்ளிருந்து அந்தச் சொல் வெளியே தலையை நீட்டும். பெட்டியின் அளவுச் சிக்கலை எழுத்தின் தலையில் கட்டியிருக்கிறோம், அவ்வளவே. வழிவதை மறைத்தால் சொல்லின் வால் வெட்டுப்படும். பொத்தானின் பெயரையே வெட்டுவதைவிடத் திரை 4 பிக்சல் ஆடுவது மேல் என்பது என் கருத்து.

சிறுபொத்தான் எழுதியது:

சொல்லை உடைக்கச் சொல்லலாமே? ஓவர்ஃப்ளோ-ராப் என்ற பண்பு அதற்காகத்தானே இருக்கிறது?

வரிமுறிவு எழுதியது:

அதில் இரண்டு மதிப்புகள் உண்டு. பலரும் இரண்டும் ஒன்றே என்று நினைக்கிறார்கள். ‘பிரேக்-வேர்ட்’ என்பது இடம் போதாதபோது சொல்லை உடைக்கும், ஆனால் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது சொல் உடையாது என்றே வைத்துக்கொள்ளும். ஆகவே மேலே உள்ள கணக்கில் ஓர் எண் கூட மாறாது. ‘எனிவேர்’ என்று எழுதினால்தான் அந்தக் கணக்கிலும் சொல் உடையக்கூடியதாகக் கொள்ளப்படும்.

ஆனால் தமிழில் அதன் விளைவு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ‘உறுதிப்படுத்துக’ என்பது ‘உறுதி’ என்று ஒரு வரியிலும் ‘ப்படுத்துக’ என்று அடுத்த வரியிலும் விழும். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வருவதைப் பழைய அச்சுக்கூடத்தில் எந்த மெய்ப்புத் திருத்துநரும் விட்டுவைத்திருக்க மாட்டார்.

அச்சுமேசை எழுதியது:

அழைக்காமலே வருகிறேன். புத்தகப் பக்கம் கோக்கும் வேலையிலிருந்து வந்தவன் என்பதால், புள்ளியெழுத்து வரித்தொடக்கத்தில் வரக்கூடாது என்று ஒருவர் சொன்னதே எனக்கு மகிழ்ச்சி.

இந்த மோதல் திரைகளோடு பிறந்ததன்று. கணினி அறிஞர் டொனால்ட் குனூத் உருவாக்கிய டெக் என்ற பக்கம் கோக்கும் மென்பொருளில், ஒரு வரியின் சொற்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்துக்குப் ‘பசை’ என்று பெயர். பசை ஒட்டிக்கொண்டு நிற்கும், நீளாது என்பதால் அது பொருந்தாத பெயர். ‘சுருள்வில்’ என்பதே சரியாக இருந்திருக்கும். ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் மூன்று எண்கள்: இயல்பான அகலம், எவ்வளவு நீளலாம், எவ்வளவு குறுகலாம். டெக்கின் இயல்பான 10 புள்ளி எழுத்துருவில் அவை 3.33, 1.67, 1.11 புள்ளிகள் (புள்ளி என்பது அச்சில் நீளத்தை அளக்கும் அலகு). இங்கே கவனிக்க வேண்டியது, நீளுதலும் குறுகுதலும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை என்பது. 1.67க்கு மேலும் அந்த வெற்றிடம் நீளும். வரி அசிங்கமாக இருக்கும், மென்பொருள் அதற்கு ஒரு தண்டனை மதிப்பெண் போட்டுவிட்டு நீளவிடும். ஆனால் 1.11க்கு மேல் ஒருபோதும் குறுகாது, ஏனென்றால் அதற்குப் பிறகு சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, படிக்க முடியாமல் போகும். அந்த நிலையில் டெக் என்ன செய்கிறது? வரியை வலது ஓரத்துக்கு வெளியே நீட்டிவிட்டு, எத்தனை புள்ளி மிஞ்சியது என்று அறிக்கையில் எழுதி, ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டையையும் அச்சிட்டு வைக்கிறது. கோப்பவர் பார்க்காமல் இருக்க முடியாது.

ஓரக்கோடு அவர்களின் 4 பிக்சலும் அந்தக் கறுப்புக் கட்டைதான். மறைக்காமல் காட்டியதற்கு நான் உலாவிக்கு நன்றி சொல்வேன்.

இன்னொன்று. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 2012இல், சிஎஸ்6 பதிப்பில், பக்க அளவு மாறும்போது உறுப்புகள் தாமே இடம் மாறுவதற்கான வசதி வந்தது. ஒரு படத்தின் இட விளிம்பைப் பக்கத்தோடு ஆணியடிக்கலாம், வல விளிம்பை அடிக்கலாம், அகலத்தைப் பூட்டலாம். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் மூன்றையும் ஒன்றாகச் செய்யத்தான் முதலில் ஆசைப்பட்டார்கள். இடது இடைவெளி, அகலம், வலது இடைவெளி மூன்றின் கூட்டுத்தொகை பக்கத்தின் அகலம் என்பது பள்ளிக் கணக்கு. பக்கம் மாறும்போது மூன்றில் ஒன்றாவது மாறியே தீர வேண்டும். எது என்று அவர்களைச் சொல்ல வைப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

கைப்பேசிக்காரன் எழுதியது:

அச்சுமேசை ஐயா சொன்ன ‘எது விட்டுக்கொடுக்கும்’ என்ற கேள்விக்கு செயலித் திரையில் பெட்டிகளை அமைக்கும் ஆப்பிளின் ஆட்டோ லேயவுட்டில் எண்களாலேயே விடை எழுத வேண்டியிருக்கும். அது 2011இல் மேக்கிலும் 2012இல் ஐஃபோனிலும் வந்தது. அடிப்படை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கேசோவரி என்ற சமன்பாட்டுத் தீர்வு முறை. (நியூ கினியிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும், பறக்காத பெரிய பறவை ஒன்றின் பெயர் அது. ஏன் அதை வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.) ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் 1 முதல் 1000 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. 1000 என்றால் மீறவே கூடாது. அதற்குக் கீழே உள்ளவை மோதினால் எண் குறைந்தது தோற்கும்.

எழுத்துப் பெட்டிகளுக்கு இரண்டு தனி எண்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளடக்கத்தைவிடப் பெரிதாக வளர மறுக்கும் பிடிவாதம், இயல்பாக 250. மற்றொன்று, உள்ளடக்கத்தைவிடச் சிறிதாக நசுங்க மறுக்கும் பிடிவாதம், இயல்பாக 750. நசுங்குவதற்கே எதிர்ப்பு அதிகம் என்பதைக் கவனியுங்கள். டெக்கின் பசையிலும் இதே மனப்பாங்குதான். உங்கள் வரிசையை நான் எழுதியிருந்தால் பொத்தானுக்கு 1000, நிலைக்கு 751, பெயருக்கு 750 என்று கொடுத்திருப்பேன். மூன்றுக்கும் ஒரே எண் கொடுத்தால் எது நசுங்கும் என்பதற்கு உறுதி இல்லை. முன்னோட்டத்தில் ஒன்று, கருவியில் வேறொன்று என்றும் பார்த்திருக்கிறேன்.

1000 எண்ணுள்ள இரண்டு மோதினால், எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியவில்லை என்று பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு எச்சரிக்கை எழுதிவிட்டு, அவற்றில் ஒன்றைத் தானே முறித்துக்கொண்டு மேலே போகும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்துபோவது எங்கள் தொழிலின் பொதுவான பாவம்.

சட்டகம் எழுதியது:

வரைபடத்தில் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. திரைகளை வரையும் கருவியான ஃபிக்மாவை எடுத்துக்கொள்கிறேன். அதில் 2019இல் அதே பெயரில் வந்த ஆட்டோ லேயவுட்டில் ஒரு பெட்டியின் அகலம் மூன்று வகையாக இருக்கலாம்: எழுதிய அளவிலேயே நிற்பது ‘ஃபிக்ஸ்டு’, உள்ளடக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வது ‘ஹக்’, வெளிப்பெட்டியில் மிஞ்சும் இடத்தை நிரப்புவது ‘ஃபில்’. பெரும்பாலும் நீங்கள் பெயருக்கு ஃபில், மற்ற இரண்டுக்கும் ஹக் கொடுத்திருப்பீர்கள். அப்போது நிலை 100, பொத்தான் 130 என்று தம் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ள, பெயருக்கு மிஞ்சுவது 82. ஃபில் பெட்டி அந்த 82ஐ முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு, சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பிவிடும். நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே போகாதே என்ற காவல் அங்கே தானாக வருவதில்லை. பெயர் மூன்று வரியாக மடிந்ததைப் பார்த்து, சரி, தமிழ் நீளம்தானே என்று கடந்திருப்பீர்கள்.

2023 முதல் அங்கே குறைந்தபட்ச, அதிகபட்ச அகலங்களை எழுதலாம். பெயருக்கு 118 என்று எழுதியிருந்தால் வரைபடமே உங்களிடம் புகார் சொல்லியிருக்கும்.

ஹக், ஃபில் ஆகியவற்றில் இன்னொரு மோதலும் உண்டு. வெளிப்பெட்டி ‘உள்ளே இருப்பவர் அளவுதான் என் அளவு’ என்கிறது; உட்பெட்டி ‘வெளியே இருப்பவர் அளவுதான் என் அளவு’ என்கிறது. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நின்றால் அளவு எங்கிருந்து வரும்? ஃபிக்மா இந்த வட்டத்தை அனுமதிப்பதே இல்லை: உட்பெட்டிக்கு ஃபில் கொடுத்தவுடன், ஹக் ஆக இருந்த வெளிப்பெட்டியை அந்த நேரத்து அளவிலேயே ஃபிக்ஸ்டாக மாற்றிவிடுகிறது. இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் வேறு வழியில் போகிறது. உயரம் எழுதப்படாத பெட்டிக்குள் 100 விழுக்காடு உயரம் கேட்டால், அந்தக் கேள்வியையே ‘ஆட்டோ’ என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். முந்தையது நமக்குத் தெரியாமல் அமைப்பை மாற்றுகிறது. பிந்தையது நம் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை என்றாலும், வரைபவர் என்ற முறையில் முந்தையதையே சகித்துக்கொள்வேன், ஏனென்றால் பக்கப்பலகத்தில் அந்த மாற்றம் தெரிகிறது.

சிறுபொத்தான் எழுதியது:

சரி, மின்-விட்த் 0 எல்லா இடத்துக்கும் மருந்து இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் பெயருக்கும் நிலைக்கும் மட்டும் அதைக் கொடுத்து, மிஞ்சியதை மூன்று புள்ளிகளால் சுருக்கிக் காட்டலாம் அல்லவா? ஆங்கிலத் தளங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓரக்கோடு எழுதியது:

அதை நேற்றிரவு செய்து பார்த்தேன். வழிவதை மறைத்த உடனேயே மின்-விட்த் ஆட்டோ என்பது 0 ஆகிவிடுவதால், தனியாக 0 என்று எழுத வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. திரை ஆடுவது நின்றுவிட்டது. ஆனால் விளைவைப் பார்த்ததும் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டேன். எங்கள் பட்டியலில் ‘ஏற்கப்பட்டது’, ‘ஏற்கப்படவில்லை’ என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன. இரண்டும் ‘ஏற்கப்ப…’ என்றே தெரிந்தன.

அச்சுமேசை எழுதியது:

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. எதிர்மறை அந்த வினைமுற்றுக்கும் உள்ளே, அதன் வாலில் இருக்கிறது. வாலை நறுக்கினால் ஆம், இல்லை இரண்டும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் ‘நாட்’ என்ற சொல் முன்னாலேயே வந்து நின்றுகொள்வதால் அவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. விண்ணப்பம் தள்ளுபடியான மனிதர் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மாதம் காத்திருந்தால் அந்த மூன்று புள்ளிகள்தான் காரணம்.

வரிமுறிவு எழுதியது:

ஆகவே உங்கள் வரிசையில் எந்தப் பெட்டியும் அகலத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று முடிவாகிறது. அப்படியானால் விட்டுக்கொடுக்க வேண்டியது ‘ஒரே வரிசை’ என்ற கட்டுப்பாடுதான். ஃபிளெக்ஸ்-ராப் என்பதை ‘ராப்’ என்று மாற்றுங்கள்; இடம் போதாத பெட்டி அடுத்த வரிக்கு இறங்கலாம் என்பது அதன் பொருள்.

அப்போது கணக்கு நடக்கும் வரிசை மாறுகிறது. எந்தப் பெட்டி எந்த வரியில் என்பதைக் குறுக்கும் வேலைக்கு முன்னதாகவே, பெட்டிகளின் தொடக்க அகலத்தை வைத்து உலாவி தீர்மானித்துவிடும். 160 + 8 + 100 = 268; இது 328க்குள் அடங்குகிறது. பொத்தானைச் சேர்த்தால் 406, அடங்கவில்லை. ஆகவே பொத்தான் அடுத்த வரிக்கு இறங்குகிறது. யாரும் குறுக வேண்டிய தேவையே எழவில்லை. ஃபிளெக்ஸ்-குரோ, அதாவது வளர்ச்சி எண், 1 என்று பொத்தானுக்குக் கொடுத்தால் தனியாக இருக்கும் வரியில் 328ஐயும் நிரப்பிக்கொள்ளும். விரலால் தொடவும் எளிது. பெரிய திரையில் மூன்றும் ஒரே வரியில் வரும்போது மிச்ச இடம் முழுவதையும் பொத்தான் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, பெயருக்கு 999 போன்ற பெரிய வளர்ச்சி எண்ணைக் கொடுங்கள். பொத்தான் ஏறக்குறைய தன் அளவிலேயே நிற்கும். முதல் வரியிலும் மிச்ச இடம் பெயருக்கே போகும்.

சட்டகம் எழுதியது:

பெட்டியின் அளவைக் கேட்டு அமைப்பை மாற்றும் கண்டெய்னர் குவெரி கொண்டு, வெளிப்பெட்டி 420 பிக்சலுக்குக் கீழே போனால் அமைப்பை மாற்று என்று எழுதலாமே? இப்போது முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறதே.

வரிமுறிவு எழுதியது:

எழுதலாம், ஆனால் ஒரு பொறி உண்டு. பெட்டியின் அகலத்தைக் கேட்டு உள்ளடக்கத்தை மாற்றுகிறோம். உள்ளடக்கம் மாறினால் பெட்டியின் அகலம் மாறும். நீங்கள் சொன்ன அதே வட்டம். அதை அறுப்பதற்காக, கேள்வி கேட்கப்படும் பெட்டி தன் அகலத்தைக் கணக்கிடும்போது உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் பெட்டிக்கு அது பிரச்சினையில்லை. ஃபிளெக்ஸ் வரிசையின் உட்பெட்டி ஒன்றுக்கு, வளர்ச்சி எண்ணும் அகலமும் கொடுக்காமல், அதை எழுதினால் பெட்டி 0 பிக்சலாகச் சுருங்கிவிடும். மேலும், 420 என்ற எண் ‘உறுதிப்படுத்துக’ என்ற சொல்லுக்குப் பொருந்தும்; நாளை வேறு மொழி சேர்ந்தால் பொருந்தாது. ராப் முறையில் எண்ணே எழுத வேண்டியதில்லை.

கைப்பேசிக்காரன் எழுதியது:

எதைச் செய்தாலும் நீண்ட சொற்களைப் போட்டுச் சோதியுங்கள். செயலி எழுதும் கருவியான ஆப்பிளின் எக்ஸ்கோடில் எல்லாச் சொற்களையும் இரட்டிப்பு நீளத்தில் காட்டும் பொய்மொழி ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் சொற்களை நீட்டிக் காட்டும் அதே போன்ற ஏற்பாடு உண்டு. இணையத்துக்கு, அணுகல்தன்மை நெறிகளின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டு உருட்டல் இருக்கக் கூடாது என்கிறது. 360இல் சரியானால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது என்பதும் அதே நெறிகளில் இருக்கிறது.

ஓரக்கோடு எழுதியது:

ராப் முறையை இன்று பொருத்திவிட்டோம். 320 பிக்சல் திரையில், எழுத்தை இரண்டு மடங்காக்கி, சோதித்துப் பார்த்தேன். உள்ளே கிடைக்கும் இடம் 288. பெயர் 320 கேட்டு, தனி வரியில் 288க்குக் குறுகி, இரண்டு வரியாக மடிந்தது; நிலை அடுத்த வரியில்; பொத்தான் அதற்கும் கீழே. மூன்று சொற்களில் எதுவும் உடையவில்லை; திரையும் ஆடவில்லை. வரைபடத்தில் பெயருக்கு 118, நிலைக்கு 84, பொத்தானுக்கு 130 என்று குறைந்தபட்ச அகலங்களையும் எழுதி வைத்துவிட்டேன்.

திட்ட மேலாளர் மட்டும், ஆங்கிலத்தில் ஒரே வரிசையாக இருப்பது தமிழில் ஏன் இரண்டு வரிசையாகிறது, பார்ப்பவர்கள் பிழை என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டார். வரிமுறிவு அவர்கள் போட்ட கணக்கை அச்செடுத்து அவர் மேசையில் வைத்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. இதற்கிடையில் ஆங்கிலத் திரையிலும் பொத்தானைக் கீழ்வரியில் வைத்து ஒரு மாற்று வரைந்திருக்கிறேன். சட்டகம் அவர்கள் நேரம் கிடைக்கும்போது பார்த்துக் கருத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.